கலீலியின் கட்டங்களும் கணினியின் அணிகளும்

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைத் தினமும் பார்க்கிறோம். இடது ஓரத்தில் திகதி. மேலே சுபஹ், சூரிய உதயம், லுஹர், அஸர், மஃரிப், இஷா. திகதியில் ஒரு விரல், வக்தில் ஒரு விரல். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் நேரம். இதில விளங்காத ஒன்றும் இல்லை. ஆனால் அதே அட்டவணையைக் கணினிக்குள் கொண்டுபோய் வைக்கும்போது, எந்த நிரல் மொழியில் வைக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நோன்பு திறக்கிற நேரமே பிசகிவிடலாம். கைப்பேசியைப் பார்த்து வக்து அறிகிற காலம் இது. அந்தக் கைப்பேசிக்குள் அட்டவணை எப்படிக் குந்தியிருக்கிறது என்பதை நாமும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது.

முதலில் நம் ஊர்க் கணக்கு. யாழ்ப்பாணம் வட அகலாங்கு ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் இருக்கிறது. கொழும்பு 7 பாகைக்குச் சற்றுக் கீழே. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், நிமிடக் கணக்கில் பார்த்தால் சின்னதல்ல. ஜூன் 21 அளவில் யாழ்ப்பாணத்தில் சூரியன் கொழும்பைவிடச் சுமார் 4 நிமிடம் பிந்தி மறைகிறது. டிசம்பர் 21 அளவில் 5 நிமிடத்துக்கு மேல் முந்தி மறைகிறது. சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே இருப்பதை சுபஹின் தொடக்கமாகக் கொண்டால், ஜூனில் யாழ்ப்பாணத்து சுபஹ் கொழும்பு சுபஹுக்கு 6 நிமிடத்துக்கும் மேல் முந்தியே வந்துவிடும். கொழும்பு நேரத்தை நம்பி ஸஹர் சாப்பிடுகிறவர் வக்து வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். 2016, 2017ஆம் ஆண்டுகளில் ரமழான் ஜூன் மாதத்தில்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்தன. இன்றும் ஒரு காலை அங்கும் ஒரு காலை சோனகதெருவிலும் வைத்திருப்பவர்கள் பலர். புத்தளத்துக் கலண்டரை இங்கே கொண்டுவந்து மாட்டினால், ஜூன் மாத சுபஹில் 4 நிமிடமளவு பிசகும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா நாட்டை வலயங்களாகப் பிரித்துத் தனித்தனி நேரங்களை வெளியிடுவது இதனால்தான்.

இப்போது அட்டவணைக்கு மூன்று திசைகள் வந்துவிட்டன: வலயம், திகதி, வக்து. சுவரில் தொங்குவது ஒரு தாள். வலயத்துக்கு ஒரு தாளாக அடுக்கினால் ஒரு கட்டு. எடுத்துக்காட்டுக்கு 13 வலயம், 366 நாள், சூரிய உதயத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு 6 நேரம் என்று வைத்துக்கொள்வோம். 13 × 366 × 6 = 28,548 கட்டங்கள். எல்லாத் தாளும் ஒரே அளவு, எந்தத் தாளிலும் எந்த வரியும் குட்டையாக இல்லை. இப்படி எல்லாப் பக்கமும் சமமாக வெட்டிய அமைப்பைத்தான் பல்பரிமாணச் செவ்வக அணி என்கிறோம். உயர்தரக் கணிதத்தில் பிள்ளைகள் படிக்கிற தாயம் இரண்டு பரிமாணம் கொண்ட செவ்வக அணி. நம்முடையதில் ஒரு பரிமாணம் கூட.

கணினியின் நினைவகத்தில் கட்டுமில்லை, தாளுமில்லை. நினைவகம் என்பது ஒரே ஒரு நீண்ட ஸஃப். பத்து ஸஃபில் நிற்பவர்களை ஒரே ஸஃபில் நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்? முதல் ஸஃபை முழுதாக நிறுத்தி, அதன் தொடர்ச்சியாக இரண்டாவது, அதன்பிறகு மூன்றாவது என்று நிறுத்தலாம். சி மொழியும் பஸ்காலும் நடைமுறையில் செய்வது இதைத்தான். அல்லது ஒவ்வொரு ஸஃபிலும் வலது ஓரத்தில் நிற்பவரை முதலில் எடுத்து நிறுத்தி, பிறகு ஒவ்வொரு ஸஃபிலும் இரண்டாமவரை எடுக்கலாம். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் இந்த இரண்டாவது வழியில் போனது. ஆள் எண்ணிக்கை ஒன்றுதான், நிற்கிற வரிசை வேறு. ஒரு முறையில் எழுதிய கோப்பை மற்ற முறையில் வாசித்தால் எல்லா எண்ணும் இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் தன் இடத்தில் இருக்காது.

முதல் முறையில் ஒரு கட்டத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது. வலய எண்ணை 366 ஆல் பெருக்கி, நாள் எண்ணைக் கூட்டி, அந்த முழுவதையும் 6 ஆல் பெருக்கி, வக்து எண்ணைக் கூட்டினால் இடம் கிடைக்கும். இரண்டாவது வலயம், அதாவது எண் 1. பெப்ரவரி 29ஐயும் சேர்த்து எண்ணினால் ஜூன் 21 என்பது 173ஆம் நாள், எண் 172. மஃரிப் ஐந்தாவது, எண் 4. 366 உடன் 172 சேர்ந்து 538. 6 ஆல் பெருக்க 3228. 4ஐக் கூட்ட 3232. நீண்ட ஸஃபில் 3232ஆம் எண்ணுள்ள இடத்தில் அந்த மஃரிப் நிற்கிறது. 28,548 எண்களில் ஒன்றையும் தேடவில்லை. இரண்டு பெருக்கல், இரண்டு கூட்டல், வேலை முடிந்தது.

இந்தக் கணக்கு சரிவர ஒரு நிபந்தனை உண்டு. 366 என்பதும் 6 என்பதும் எங்கும் மாறக்கூடாது. இந்த வடிவத்தை யார் காவல் காக்கிறார்கள், மொழியா, எழுதுகிறவரா? மொழிகள் பிரிந்துபோகிற இடம் இதுதான்.

ஜாவாவில் செவ்வக அணி என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பது அணிகளின் அணி. ஒவ்வொரு ஸஃபும் வெவ்வேறு பள்ளிவாசலில் நிற்க, நம் கையில் அந்தப் பள்ளிவாசல்களின் விலாசம் எழுதிய தாள் மட்டும் இருப்பதுபோல. 13க்கு 366க்கு 6 என்று கேட்டால் ஜாவா தரும்தான். ஆனால் உள்ளே அது வலயங்களுக்கான ஓர் அணி, அது சுட்டும் 13 அணிகள், அவை சுட்டும் 4,758 சிறிய அணிகள் என மொத்தம் 4,772 துண்டுகள். அந்தத் துண்டுகள் சம நீளமாக இருக்கவேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. பின்னர் ஒரு வரியைக் கழற்றிவிட்டு வேறு நீளத்தில் ஒன்றைப் பூட்டினாலும் மொழி வாய் திறக்காது.

இதனால் என்ன வந்துவிடும் எண்டு கேட்பார்கள். சில கலண்டர்களில் சூரிய உதயம் இருக்கும், சிலவற்றில் ஐந்து வக்து மட்டும் இருக்கும். ஒருவர் யாழ்ப்பாணத்து வரிகளைப் புதுப்பிக்கும்போது சூரிய உதயம் இல்லாத கலண்டரிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். வரியில் இப்போது ஆறுக்குப் பதில் ஐந்து எண். செயலி மஃரிபைத் தேடி எண் 4க்குப் போகிறது. அங்கே இருப்பது இஷா. நோன்பாளி ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக்கொண்டிருக்கிறார். லுஹரைத் தேடிப் போனால் அஸர் கிடைக்கும். இஷாவுக்குப் போகும்போதுதான் எண் 5 என்று ஓர் இடமே இல்லாமல் ஜாவா நின்று முறையிடும். சுபஹைத் தவிர அதுவரை காட்டியதெல்லாம் பிழை, திரையிலோ எல்லாம் ஒழுங்கான மணியும் நிமிடமும்.

சி ஷார்ப் மொழி இரண்டு வகையையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒரே அடைப்புக்குறிக்குள் கமா போட்டு எழுதினால் அது செவ்வக அணி. அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து எழுதினால் அணிகளின் அணி. செவ்வக அணியில் ஒரு வரியைக் கழற்றி வேறொன்றைப் பூட்ட வழியே கிடையாது. மேலே சொன்ன விபத்து அங்கே எழுதவே முடியாத ஒன்று. ஜாவாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று விஞ்ஞானக் கணிப்பில் ஈடுபட்டவர்கள் கேட்டு, ஜே.எஸ்.ஆர். 83 என்ற முன்மொழிவுகூட வந்தது. அது நிறைவேறாமலே கைவிடப்பட்டது. சி பிளஸ் பிளஸ் மொழியில், கையிலுள்ள நீண்ட வரிசையைப் பல்பரிமாணமாகப் பார்க்கும் வசதி 2023ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சேர்ந்தது. 1957இலேயே ஃபோர்ட்ரான் மூன்று பரிமாணம்வரை தந்துவிட்டது என்பதை எண்ணினால் இந்தத் தாமதம் ஆச்சரியம்தான்.

அணிகளின் அணியை முற்றாகக் குறை சொல்வதும் நியாயமில்லை. மாதங்கள் சமமில்லை. 12 மாதம், ஒவ்வொன்றும் 31 நாள் என்று செவ்வகம் வெட்டினால் 372 இடம் வரும். நெட்டாண்டில்கூட 6 இடம் வெறுமை. பெப்ரவரி 30க்குக் கணினியில் ஓர் இடம் இருக்கும், அதில் பூச்சியம் கிடந்தால் நள்ளிரவில் சுபஹ் என்று காட்டும். மாதத்துக்கு மாதம் நீளம் வேறுபடும் பன்னிரண்டு அணிகள் இங்கே இயல்பாகவே பொருந்தும். எனக்கு மாதத்தை விட்டுவிட்டு 366 நாளை நேராக எண்ணுவதே பிடிக்கும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சாதாரண ஆண்டில் மார்ச் 1 அறுபதாம் நாள். நம் அட்டவணையில் அறுபதாவது இடம் பெப்ரவரி 29க்கு. கவனியாமல் விட்டால் மார்ச் 1 முதல் வருடம் முடியும்வரை முந்திய நாளின் நேரமே வரும். வித்தியாசம் ஒரு நிமிடத்துக்குள் என்பதால் ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வடிவம் சரியாக இருந்தும் பொருள் பிழைக்கிற இடம் இது. எந்த மொழியும் இதைத் தடுக்காது.

நம் பிள்ளைகள் உயர்தரத்தில் படிப்பது பைதன். பைதனில் தன் சொந்தமாகச் செவ்வக அணி கிடையாது; பட்டியலுக்குள் பட்டியல்தான். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறு பூச்சியம் கொண்ட ஒரு பட்டியலை எழுதி, அதை 366 ஆல் பெருக்கினால் 366 வரி வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வருவது ஒரே வரிக்கு 366 விலாசம். ஜனவரி 1இன் நேரத்தை எழுதினால் எல்லா நாளும் ஜனவரி 1 ஆகும். நிரப்பி முடிக்கும்போது எல்லா நாளும் டிசம்பர் 31 ஆகியிருக்கும். டிசம்பர் 31இல் யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைவது மாலை 6 மணியளவில். ஜூன் 21இல் 6.32 அளவில். ஜூனில் ரமழான் வந்து, ஒரு செயலி இப்படி எழுதப்பட்டிருந்தால், சூரியன் மேலே நிற்கும்போதே அரை மணித்தியாலம் முந்தி இஃப்தார் மணி அடிக்கும்.

2006இல் முதற்பதிப்பு வந்த நம்பை என்ற நூலகம் பைதனின் இந்தக் குறையைத் தீர்க்கிறது. அதன் அணி ஒரே நீண்ட வரிசை. கூடவே அதன் வடிவத்தையும் ஒவ்வொரு திசையிலும் எத்தனை இடம் தாவவேண்டும் என்பதையும் குறித்து வைத்திருக்கும். நம் அட்டவணையில் அடுத்த வக்துக்கு 1, அடுத்த நாளுக்கு 6, அடுத்த வலயத்துக்கு 2,196. ஜூன் 21இன் மஃரிப் எல்லா வலயத்துக்கும் வேண்டுமென்றால் 2,196 ஆகத் தாவிக்கொண்டு போனால் 13 எண்ணும் கிடைக்கும். எதையும் பிரதி எடுக்கத் தேவையில்லை. ஐந்து எண்ணுள்ள வரியை ஆறு இடமுள்ள வரியில் வைக்கப் போனால் அந்த இடத்திலேயே மறுத்துவிடும்.

நம்பையிலும் ஒரு வழுக்கல் மிச்சமிருக்கிறது. அதைக் காட்ட இந்தக் கணினிகளுக்கு ஆறு நூற்றாண்டு முந்திய ஓர் அட்டவணையே பொருத்தமானது.

கணினி என்றவுடன் நம் மேடைகளில் அல்-குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது வழக்கம். அணிகளைப் பற்றிப் பேசுவதானால் நினைக்கவேண்டியவர் வேறொருவர்: 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் வாழ்ந்த ஷம்சுத்தீன் அல்-கலீலி. அவர் முவக்கித், அதாவது பள்ளிவாசலுக்காக வக்துகளைக் கணித்துச் சொல்பவர். வானியலாளர் இப்னு அஷ்-ஷாதிரும் அதே நகரில், அதே காலத்தில், இதே பணியில் இருந்தார். டமஸ்கஸுக்காகக் கலீலி தயாரித்த தொழுகை நேர அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டுவரை அங்கே புழக்கத்தில் இருந்தன. அவருடைய பெரிய வேலை கிப்லா அட்டவணை. ஓர் ஊரின் அகலாங்கு ஒரு பக்கம், மக்காவிலிருந்து அந்த ஊரின் நெட்டாங்கு வித்தியாசம் இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கிப்லாவின் கோணம். அகலாங்கு 10 பாகை முதல் 56 வரை, நெட்டாங்கு வித்தியாசம் 1 முதல் 60 வரை. இவற்றோடு டமஸ்கஸுக்காக 33 பாகை 30 கலைக்குத் தனியாக ஒரு வரி. 48 × 60, ஆக 2,880 கட்டங்கள். எல்லாம் கையால் கணித்தது. ஒரு கட்டமும் வெறுமையில்லை, ஒரு வரியும் குட்டையில்லை. அசல் செவ்வக அணி.

சாதாரண தரத்தில் பிள்ளைகள் படிக்கிற பஸ்கால் மொழி இந்த அட்டவணைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பஸ்காலில் எண்ணிக்கை பூச்சியத்தில்தான் தொடங்கவேண்டும் என்றில்லை. 10 முதல் 56 வரை, 1 முதல் 60 வரை என்று கலீலி வைத்த எல்லையையே அப்படியே எழுதலாம். டமஸ்கஸின் அரைப் பாகை வரியை மட்டும் வெளியே வைக்கவேண்டிவரும். அது போனால் 2,820 கட்டம்.

இனி யாழ்ப்பாணத்துக்குக் கிப்லா பார்ப்போம். மக்காவின் நெட்டாங்கு கிட்டத்தட்ட 39.8, நம்முடையது 80. வித்தியாசம் 40 பாகை, அது அட்டவணைக்குள் இருக்கிறது. அகலாங்கு 9 பாகை 40 கலை. அட்டவணை 10இல் தொடங்குகிறது! பருத்தித்துறை முனையும் 10ஐத் தொடவில்லை. குடாநாடு முழுவதும் கலீலியின் தாளின் ஓரத்துக்கு ஒரு மயிரிழை வெளியே கிடக்கிறது.

எழுதுகிறவர் அகலாங்கின் தசமத்தை வெட்டி 9 என்று கொடுத்தால் என்ன நடக்கும்? பஸ்காலில் எல்லைச் சோதனையை இயக்கியிருந்தால், அப்படி ஒரு வரி இல்லை என்று நிகழ்ச்சி நின்றுவிடும். பைதனில், நம்பையிலும்கூட, அகலாங்கிலிருந்து 10ஐக் கழித்து வரி எண்ணை எடுக்கவேண்டும். 9இலிருந்து 10 போனால் கழித்தல் 1. பைதனில் கழித்தல் 1 என்பது பிழையே இல்லை. அது கடைசி வரியைக் குறிக்கும். கடைசி வரி 56 பாகை. சோனகதெருவில் நிற்பவருக்கு சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் பக்கத்து ஊரின் கிப்லாவைக் கணினி எடுத்துக் கொடுக்கும். யாழ்ப்பாணத்துக்குச் சரியான திசை வடக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 68 பாகை. கிடைப்பதோ 123 பாகையளவு, அதாவது தென்மேற்கு. 55 பாகை பிசகு, ஓர் எச்சரிக்கையும் இல்லாமல்.

சி மொழியில் இன்னொரு விதமாகச் சறுக்கும். அகலாங்கு 10, நெட்டாங்கு வித்தியாசம் 61 உள்ள இடம் தாய்லாந்து வளைகுடாக் கடலில் இருக்கிறது. அங்கே போகிற கப்பலில் ஒருவர் கேட்டால், 61ஆம் கட்டம் இல்லாததால் சி பெரும்பாலும் நீண்ட ஸஃபில் அடுத்து நிற்பதை எடுத்துத் தரும். அடுத்து நிற்பது 11ஆம் பாகை வரியின் முதல் கட்டம். அவருக்கு வேண்டியது 71 பாகை மேற்கு. கிடைப்பது 5 பாகை, கிட்டத்தட்ட நேர் வடக்கு. சி இதைத் தெரிந்தே செய்கிறது. எல்லையைச் சோதிக்கும் நேரத்தை மிச்சப்படுத்துவது அதன் கொள்கை. பொறுப்பு எழுதுகிறவர் தலையில்.

தசமத்தை வெட்டாமல் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றியிருந்தால் 9 பாகை 40 கலை 10 ஆகியிருக்கும். 10, 40 கட்டத்தில் இன்றைய கணக்குப்படி சுமார் 68 பாகை 30 கலை. நமக்கு வேண்டியதற்கும் அதற்கும் அரைப் பாகை வித்தியாசம்கூட இல்லை. ஸஃபில் நிற்கிறவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. வெட்டுவதா மாற்றுவதா என்ற ஒரு சின்னத் தீர்மானம்தான், 55 பாகைக்கும் அரைப் பாகைக்கும் இடையில் நிற்கிறது. அந்தத் தீர்மானத்தைக் கணினியிடம் விடாமல் நாமே எடுப்பதானால் இன்னொரு வழியும் இருக்கிறது. பஸ்காலில் 10 என்று எழுதிய தொடக்க எல்லையை 9 என்று மாற்றி, கலீலியின் அட்டவணைக்கு மேலே ஒரு வரியைச் சேர்ப்பது. கணிக்கவேண்டியது 60 எண்கள். அந்த வரியின் 40ஆம் கட்டத்தில் 67 பாகை 24 கலையளவு வரும். கீழே இருக்கும் 68 பாகை 30 கலையோடு சேர்த்து, மூன்றில் இரண்டு பங்கு தூரம் நகர்ந்தால் 68 பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும். அது யாழ்ப்பாணம்.